மிச்சம் மூணு ஸ்க்ரூ

பொத்தானை அமுக்கினேன். பிராசஸர் மேல் உட்கார்ந்திருந்த விசிறி கால் சுற்று சுற்றி நின்றது. அவ்வளவுதான். திரும்ப அமுக்கினால் அந்தக் கால் சுற்றும் இல்லை. பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி செருகி அமுக்கினால் மறுபடி ஒரு கால் சுற்று. தட்டி எழுப்பினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி.

கூடத்தில் பாய் விரித்து, பாய் மேல் பழைய பேப்பர் பரப்பி, நடுவில் அந்தப் பெட்டி. அம்மா அடுக்களை நிலைப்படியில் நின்றாள். அப்பா நாற்காலியில். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பிள்ளைகளோடு வாசற்படியில். எல்லாரும் கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்க்க வந்தவர்கள்.

“அம்புட்டுத்தானா?” என்றது சின்னது.

2008 அக்டோபர், கோவில்பட்டி. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ராத்திரி.

எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ். குச்சி அடுக்கப் போகிற பெண்களும் “ஆபீசுக்குப் போறேன்” என்றுதான் சொல்வார்கள். அப்பா அப்படி ஒரு ஆபீசில் கணக்குப் பிள்ளை. ஒரு பண்டலுக்கு 600 பெட்டி. சாயங்காலம் சரக்குக் கணக்கும் பேரேடும் ஒத்துப்போகவில்லை என்றால், பெட்டி ஒன்றே ஒன்று இடித்தாலும் வீட்டுக்கு வர மாட்டார். வீட்டிலும் அதே பழக்கம்தான். பால், கீரை, பஸ் டிக்கெட் எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறும். அதிலும் ஒரு விதி உண்டு. வாங்கின சாமானைப் பிரித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தொகை எழுதுவார். அதுவரை பெயர் மட்டும் இருக்கும், எதிரே வெற்றிடம்.

நான் அப்போது சென்னையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஊர்க் கடையில் அசெம்பிள்டு சிஸ்டத்துக்குக் கேட்ட விலையையும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கினால் ஆகும் விலையையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் நீட்டினேன். 3,000 ரூபாய் மிச்சம். தாளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாக இருந்தது.

“சேத்து மாட்டுறது யாரு?”

“நாந்தான்.”

“ஓடலேன்னா?”

“ஓடும்பா.”

ரிச்சி ஸ்ட்ரீட்டைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அதுவும், நரசிங்கபுரம் தெருவும், அதன் சந்துகளுமாக ஒரு ஊர். என்னோடு வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். சிப்செட் என்ன என்று கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது பையன்களிடம். மூன்று கடையிலும் இதேதான். நாலாவது கடையில் நான் கேட்பதை நிறுத்திவிட்டு, எழுதி வைத்திருந்த பட்டியலைக் கையில் கொடுத்தேன். பென்டியம் டூயல் கோர் இ2180, 2 கிகாஹெர்ட்ஸ். ஜி31 மதர்போர்டு. டிடிஆர்2 ரேம் 1 ஜிபி. 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். டிவிடி ரைட்டர். கீபோர்டு, மவுஸ். கேபினட்டும், அதோடு வருகிற, உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்ஸும். எஸ்.எம்.பி.எஸ் மேல் 450 வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. ஒற்றைக் கையால் தூக்க முடிந்தது. அது அவ்வளவு இலேசாக இருப்பது நல்லதல்ல என்று தெரியும், ஆனாலும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 11,850.

முத்துநகர் எக்ஸ்பிரஸ்ஸில் கேபினட் அட்டைப்பெட்டிக்கு மேல் பெர்த்தைக் கொடுத்துவிட்டு, பிராசஸர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பாதி ராத்திரி வரை உட்கார்ந்தே வந்தேன். மானிட்டர் மட்டும் ஊரில் கிடைத்தது. இழுத்து மூடின ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து, 17 அங்குலக் குண்டு மானிட்டர், 1,500 ரூபாய். ஆக மொத்தம் 13,350.

மாட்டும் வேலையை நான் ரொம்ப ரசித்துச் செய்தேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். இந்த வகைப் பிராசஸருக்குக் கால்கள் கிடையாது. மதர்போர்டின் சாக்கெட்டில்தான் 775 நுண்ணிய கம்பிகள் நிமிர்ந்து நிற்கும். அதன் மேல் பிராசஸரைத் தட்டையாக வைத்து, மூடியைச் சாத்தி, பக்கத்திலுள்ள நெம்புகோலை அழுத்திக் கொக்கியில் மாட்ட வேண்டும். அழுத்தும்போது அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வரும் என்று படித்திருந்தேன். இருந்தும் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்கு மேல் விசிறி. அதன் நாலு பிளாஸ்டிக் கால்களையும் குறுக்கு மூலையாக ஒவ்வொன்றாக அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். உட்காரும்வரை போர்டு வளையும். வளைகிற போர்டைப் பார்த்து அம்மா “மெதுவா, மெதுவா” என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்ப ஆலோசனை அதுதான். ஆனால் பொருத்தமானது.

கேபினட்டுக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. அதில் பித்தளைக் கால்கள் ஒன்பது, திருகாணிகள் ஒன்பது. கால்களைக் கேபினட் தகட்டில் திருகி, அதன் மேல் போர்டை வைத்து, மேலிருந்து திருகாணி போட வேண்டும். போட்டேன். திருகாணி மூன்று மிஞ்சியது. காப்பி டம்ளரில் போட்டு வைத்தேன்.

அப்பா டம்ளரை எட்டிப் பார்த்தார். “மூணு ஸ்க்ரூ மிச்சம் இருக்கே.”

“போர்டுல ஆறு ஓட்டைதான்பா இருக்கு.”

“பெறகு ஒம்பது எதுக்குக் குடுத்தான்?”

“பெரிய போர்டு போடுறவங்களுக்கும் சேத்துக் குடுப்பாங்க. எல்லாத்துக்கும் ஒரே பைதான்.”

பதில் சரியான பதில். இப்போது யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அப்பா டம்ளரை ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

அப்புறம்தான் அந்தக் கால் சுற்று.

பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது “ஒரு மறை எங்கயாச்சும் கழண்டிருக்கும் பாரு” என்று சிரித்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அப்பா டியூப் லைட்டைப் பார்த்தார். அது விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. “கரண்ட்டு பத்தலையோ?” என்றார். எனக்கு வெளியேற ஒரு கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. “ஆமாப்பா, லோ வோல்டேஜ்” என்றேன். அது பொய். அந்த வருஷம் எங்கள் பக்கம் நாளைக்கு மணிக்கணக்கில் மின்வெட்டு. எதை வேண்டுமானாலும் மின்சாரத்தின் தலையில் போடலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். அப்பா நோட்டை எடுத்து அன்றைய கணக்கை எழுதினார். கடைசி வரி ‘கம்ப்யூட்டர்’. எதிரே ஒன்றுமில்லை.

அந்தப் பொத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று ராத்திரி முழுக்க அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். ரொம்பப் பழைய கம்ப்யூட்டர்களில் பொத்தான் என்றால் நிஜமான சுவிட்ச். 230 வோல்ட்டும் அதன் வழியாகவே போய் வரும். 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்த பிறகு அது சுவிட்ச் இல்லை, காலிங் பெல். அமுக்கினால் மதர்போர்டில் இரண்டு ஊசிகள் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். பெல் சத்தம் கேட்ட மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து வருகிற பச்சை ஒயரைத் தரைக்கு இழுக்கும். ‘கொடு’ என்று அதற்கு அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ் கொடுக்க ஆரம்பிக்கும். 12, 5, 3.3 வோல்ட் எல்லாம் நிலைக்கு வந்ததும் சாம்பல் ஒயர் வழியாக ‘சரி’ என்று பதில் அனுப்பும். இந்தப் பதிலுக்கு அரை விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. பதில் வந்தால்தான் பிராசஸர் கண் திறக்கும்.

என் பெட்டியில் விசிறி கால் சுற்று சுற்றியது என்றால், பெல் அடித்திருக்கிறது, கேட்டிருக்கிறது, கொடுக்கவும் ஆரம்பித்திருக்கிறது. கொடுத்த கையோடு எதையோ பார்த்து எஸ்.எம்.பி.எஸ் பயந்து இழுத்து மூடிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கும் வரை திறக்க மாட்டேன் என்கிறது. இவ்வளவும் அன்று ராத்திரியே எனக்குப் புரிந்தது. எதைப் பார்த்துப் பயந்தது என்பதுதான் தெரியவில்லை. மதர்போர்டா, பிராசஸரா? அப்பளச் சத்தம் நிஜமாகவே நொறுங்கின சத்தம்தானா? எது கருகியிருந்தால் எவ்வளவு போச்சு என்று இருட்டில் கூட்டிக்கொண்டிருந்தேன். கணக்குப் பிள்ளை மகள்.

விடிந்தால் ஆயுத பூஜை. குளித்துவிட்டு வந்து பெட்டியைப் பிரிக்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரைத் தேடினால் காணோம். அம்மா எடுத்துப் பூஜையில் வைத்துவிட்டாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் அரிவாள்மனை, கத்தரிக்கோல், சுத்தியல், அப்பாவின் பேனா, நோட்டு, என் புத்தகம் நாலு, எல்லாவற்றுக்கும் நடுவில் என்னுடைய ஒரே ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், மஞ்சள் பிடியில் குங்குமப் பொட்டோடு.

“அம்மா, அது எனக்கு வேணும்.”

“நாளைக்குக் காலைல மறுபூசை முடிச்சு எடுத்துக்கோ. இன்னிக்கு ஆயுதத்தத் தொடப்படாது.”

பெட்டிக்கும் மூன்று விரலால் சந்தனம் இழுத்துப் பொட்டு வைத்திருந்தாள். “ஓடாத சாமானுக்கா?” என்று அப்பா கேட்டார். “ஓடணும்னுதான்” என்றாள் அம்மா.

ஆக அன்று முழுக்க எனக்கு மிஞ்சியது செல்போன் ஒன்றுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கூட வந்த பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டேன். அவன் அடுக்கிக்கொண்டே போனான். ரேமைக் கழற்றி அதன் தங்க முனைகளை ரப்பரால் தேய்த்து மாட்டு. சின்ன பேட்டரியைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் கழித்துப் போடு. பிராசஸர் பக்கத்தில் தனியாக ஒரு நாலு முள் ஒயர் வருமே, அதை மாட்டினாயா? முன்பக்கத்து ஒயர்களை மாற்றிக் குத்தியிருப்பாய். எஸ்.எம்.பி.எஸ் பின்னால் சிவப்பாக ஒரு சுவிட்ச் இருக்கும், அது 115-ல் இருக்கிறதா பார். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் நடந்தது என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னதும் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் சொல்கிற அத்தைமார்கள் இருப்பார்கள், அந்த ரகம். 115-ல் இருந்திருந்தால் எங்கள் வீட்டு 230-க்கு அது கால் சுற்று சுற்றியிருக்காது, வெடித்திருக்கும்.

இருந்தாலும் சாயங்காலம் அப்பா ஆபீஸ் பூஜையிலிருந்து பொரி, கடலைப் பொட்டலத்தோடு வந்து, வீட்டில் எல்லாரும் அதைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தபோது, பக்கத் தகட்டைக் கையாலேயே திறந்து ரேமைக் கழற்றித் தேய்த்தேன். ரப்பர் ஆயுதம் இல்லை. மாட்டி அமுக்கினேன். கால் சுற்று.

மறுநாள் விஜயதசமி. மத்தியானத்துக்கு மேல் ரேடியோக் கடை மாமாவைக் கூப்பிட்டு வந்தேன். மாமா என்பது தெருவே கூப்பிடுகிற பெயர். வால்வு ரேடியோ காலத்துக் கை. பிறகு டேப் ரிக்கார்டர், டி.வி., ஸ்டெபிலைசர். அந்த வருஷம் எமர்ஜென்சி லைட்டும் இன்வெர்ட்டரும் அவர் கடையில் மலை மாதிரி கிடந்தன. மின்வெட்டால் பிழைத்த சில பேரில் அவர் ஒருவர். சாமான் பையோடு வந்தார். மல்டிமீட்டரின் கண்ணாடியில் முந்தின நாள் குங்குமம். முள் தெரிவதற்காக நடுவில் மட்டும் துடைத்திருந்தார்.

பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். “நான் இதத் தொட்டதில்ல தாயி. ஆனா கரண்ட்டு ஒண்ணுதானே.” உட்கார்ந்தார். அப்புறம் அந்தப் பையன் கேட்காத கேள்வியைக் கேட்டார். “என்ன செய்யுது, சொல்லு.”

சொன்னேன். கால் சுற்று என்றதும் கையைத் தூக்கி நிறுத்தினார். “நிக்கிதா, இல்ல, அமத்துதா?”

அமர்த்துகிறது என்றேன். அந்த வித்தியாசம் அவர் வாயில் வந்த பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

பையிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். சீரிஸ் பல்பு. இது இல்லாத மெக்கானிக் எங்கள் பக்கம் கிடையாது. 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று, ஒரு பிளக் பாயின்ட். சோதிக்க வேண்டிய சாமானுக்குப் போகிற மின்சாரம் அந்தப் பல்பைத் தாண்டித்தான் போகும். சாமானுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாகப் பிரகாசித்து நிற்கும், ஃபியூஸ் போகாது, எதுவும் எரியாது. இல்லை என்றால் மங்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஒயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, அதை மட்டும் இதில் செருகினார். பல்பு குப்பென்று ஒரு மின்னல் மின்னி அடங்கியது.

“கெப்பாசிட்டர் குடிச்சிட்டு அமைதியாயிட்டு. உள்ள அடிவாங்கல.”

திறந்து பார்க்கலாமா என்றேன். என் கையைத் தட்டிவிட்டார். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், அது நாய் மாதிரி, தூங்குதுன்னு வாலத் தொடாத என்றார். 230 வோல்ட் என்று நாம் சொல்கிற மின்சாரத்தின் உச்சம் 325. அது நேர்மின்சாரமாகிக் கெப்பாசிட்டரில் ஏறி உட்கார்ந்திருக்கும். நான் அதைப் பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன்.

அடுத்து என் முறை. பச்சை ஒயரைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, 24 முள் கனெக்டரில் பச்சைக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் நடுவே செருகினேன். பல்பை எடுத்துவிட்டு நேராகச் செருகினோம். எஸ்.எம்.பி.எஸ்ஸின் விசிறி ‘ம்ம்ம்’ என்று சுற்ற ஆரம்பித்து, நிற்கவே இல்லை. மாமா மல்டிமீட்டரை எடுத்து மஞ்சளில் குத்தினார், 12. சிவப்பு, 5. ஆரஞ்சில் முள் மூன்றைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. “பரவாயில்லையே, பச்சையக் கறுப்போட சேத்தா முழிச்சிக்கிது” என்று கிளிப்பைக் கையில் வாங்கித் தானே ஒரு தடவை செருகி எடுத்தார். அறுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். முகம் பம்பரம் கிடைத்த பையன் முகமாக இருந்தது.

“இது நல்லாருக்கு. அப்ப இதப் பயமுறுத்துறது எதுன்னு பாப்போம். ஒவ்வொண்ணாக் கழட்டு.”

டிவிடி ரைட்டரைக் கழற்றினோம். கால் சுற்று. ஹார்ட் டிஸ்க். கால் சுற்று. ரேம். கால் சுற்று. ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, செருகி. அம்மா இரண்டாவது காப்பி போட்டாள். கடைசியில் மிஞ்சியது போர்டும் பிராசஸரும். என் பயம் முழுக்க இருந்த இடம். ஆறு திருகாணியையும் கழற்றிப் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்தேன். ரேமை மட்டும் திரும்ப மாட்டினேன். மானிட்டர் ஒயரைச் செருகினேன். இப்போது பொத்தான் கிடையாது, அது கேபினட்டோடு போய்விட்டது. காலிங் பெல்லின் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டேன்.

விசிறி சுற்றியது. கால் சுற்று, அரைச் சுற்று, முழுச் சுற்று, பிறகு எண்ண முடியவில்லை. குண்டு மானிட்டர் ‘டிங்’ என்று விழித்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கரண்ட் போய்விட்டது.

பண்டிகை நாள், போகாது என்று நம்பியிருந்தோம். ஃபேன் ஓய்ந்து நிற்கிற சத்தம் தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேட்டது. மாமா தன் பையிலிருந்தே ஒரு எமர்ஜென்சி லைட்டை எடுத்து வைத்தார்.

“வெளிய வச்சா ஓடுது. உள்ள வச்சா அமத்துது” என்றார். “சங்கதி பெட்டியிலதான் இருக்கு.”

“பெட்டி வெறும் தகரம்தானே மாமா.”

“தகரம்னா சும்மாவா? அதுதான் எர்த்து.”

நான் தகட்டின் விளிம்புகளைத் தடவிப் பார்த்தேன். உள்ளே ஏதாவது திருகாணி விழுந்து கிடக்கிறதா என்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. மாமா முன்பக்கத்து ஒயர்களை நகத்தால் சீண்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கையில் காப்பி டம்ளர். நான் கழற்றிப் போட்ட ஆறு திருகாணியும் அதிலேயேதான் கிடந்தன. பாயில் கொட்டி, மூன்று மூன்றாக அடுக்கினார். தீப்பெட்டி எண்ணுகிற கை.

“ஸ்க்ரூ ஒம்பது. இதுல ஆறுதான் மாட்டுன. மூணு மிச்சம்.”

“அதான் சொன்னேனேப்பா, ஆறு ஓட்டைதான்னு.”

“சரி. அந்தப் பித்தளைக் கால் எத்தன?”

“ஒம்பது.”

“அதுல மிச்சம் எத்தன?”

வாயைத் திறந்தேன். மிச்சம் இல்லை. ஒன்பதையும் நட்டிருந்தேன். கேபினட் தகட்டில் ஒன்பது துளை இருந்தது, பையில் ஒன்பது கால் இருந்தது. போர்டில் எத்தனை ஓட்டை என்று பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வரிசையாகத் திருகி முடித்துவிட்டேன்.

“அப்ப இடிக்குதே” என்றார் அப்பா.

மாமா லைட்டைத் தூக்கிப் பெட்டிக்குள் காட்டினார். ஒன்பது பித்தளைக் கால்களும் பளபளத்தன. போர்டை மேலே வைக்காமல் பிடித்துப் பார்த்தேன். கூடுதலான மூன்றில் இரண்டு போர்டின் விளிம்புக்கு வெளியே நின்றன, அவற்றால் தொந்தரவில்லை. மூன்றாவது போர்டுக்கு நேர் அடியில், ஓட்டை இல்லாத இடத்தில் நின்றது. போர்டைத் திருப்பி லைட்டில் காட்டினேன். ஈயப் பற்று வரிசையின் மேல், தேடினால் மட்டும் தெரிகிற அளவுக்கு, சின்னதாக ஒரு பளபளப்பான கீறல். பித்தளை தொட்டுக்கொண்டிருந்த இடம். போர்டில் ஓடுகிற மின்சாரத்தை அந்தக் கால் நேராகத் தகரத்தில் இறக்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எஸ்.எம்.பி.எஸ் கொடுக்க ஆரம்பித்து, வெள்ளம் ஓடுவதைப் பார்த்து, மடையை அடைத்திருக்கிறது. கையில் தூக்கினால் கனமே இல்லை என்று நான் இளக்காரமாக நினைத்த அதே எஸ்.எம்.பி.எஸ். அது மட்டும் அசந்திருந்தால் போர்டு போயிருக்கும்.

அப்பாவை அன்று ஒரு கதாநாயகன் மாதிரி நான் பார்த்ததாக எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. முந்தாநாள் ராத்திரி அவர் கேட்டபோதே பதில் சொல்லி அனுப்பியவள் நான். அவர் நினைத்ததும் தப்புதான், ஏதோ மாட்டாமல் விட்டுப்போயிற்று என்று நினைத்தார். விட்டுப்போகவில்லை, அதிகமாக மாட்டியிருந்தேன். ஆனால் எண்ணிக்கை இடிக்கிறது என்பது அவருக்கு அன்றே தெரிந்திருந்தது. என்னிடம் அந்த இடிப்புக்குச் சரியான விளக்கம் இருந்ததால் நான் எண்ணவே இல்லை.

மூக்குக் குறடால் மூன்று கால்களையும் மாமா கழற்றினார். கரண்ட் இல்லாமலேயே எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன், மாமா லைட்டைப் பிடிக்க. ஒவ்வொரு திருகாணியையும் அப்பா எண்ணிக் கொடுத்தார். நாலாவது, ஐந்தாவது என்று சத்தமாக. எட்டு மணிக்குத் தெரு முழுக்க ஒரு ‘ஓ’ எழுந்தது. கரண்ட் வந்துவிட்டது.

பொத்தானை அம்மாவை அமுக்கச் சொன்னேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்புச் சூட்டைத் தொடுகிற மாதிரி தொட்டாள். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. ஹாஸ்டல் முகவரிக்கு இலவசமாகத் தபாலில் வந்திருந்த உபுண்டு 8.04 சிடியைப் போட்டேன். காவி நிறத் திரை வந்தது. வேறு ஒன்றும் காட்டுவதற்கு இல்லை. இன்டர்நெட் கிடையாது, ஒரு பாட்டு கிடையாது. பக்கத்து வீட்டுச் சின்னது வந்து அதில் இருந்த சீட்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மாமா காசு வாங்க மாட்டேன் என்றார். “நான் என்ன செஞ்சேன்? கழட்டச் சொன்னேன்.” பேப்பர் கிளிப்பை மட்டும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பச்சை, கறுப்பு என்று முனகிக்கொண்டே படி இறங்கினார். அதற்கப்புறம் ஊரில் கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்ஸும் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று அம்மா போனில் சொன்னாள்.

அன்று ராத்திரி அப்பா நோட்டை எடுத்தார். இரண்டு நாளாகப் பெயர் மட்டும் நின்ற வரியைத் தேடிப்பிடித்து, எதிரே 13,350 என்று எழுதினார். மூடவில்லை. பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “அந்த டம்ளர எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். கவிழ்த்து ஒரு தடவை எண்ணினார். பிறகு அந்த வரிக்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதினார்: மிச்சம், ஸ்க்ரூ 3, கால் 3.